ஆடிக் கச்சேரிக்குக் கைக்குழந்தையோடு வரும் பாடகிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி பிறக்கப் போகிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் கூழ் வார்க்கும் ஊர்களெல்லாம் பாட்டுக் கச்சேரிக்கு அட்வான்ஸ் கொடுத்துத் தேதி பிடிக்கிற நேரம் இது. சித்ரா பௌர்ணமிக்கு வேலூர் புஷ்பப் பல்லக்கு, வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு என்று சூடு பிடிக்கிற சீசன், ஆடி முடிகிற வரை ஓயாது. போன வருஷம் பாடிய பாடகி இல்லாமலே இந்த வருஷம் மேடை ஏறும் மெல்லிசைக் குழுக்கள் உண்டு. ஏன் என்று கேட்டால், "குழந்தை பிறந்திருக்கு, இனிமே எங்க வரப்போறாங்க" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். அந்தப் பாடகிகளின் குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கச்சேரி தொடங்கும் நேரமும், மேடைக்குப் பக்கத்தில் அறை இல்லாததும், பாடுகிறவருக்கே தன் குரல் கேட்பதற்காக மேடையில் வைக்கும் ஸ்பீக்கரான மானிட்டரைச் சரியாக வைக்காததுமே அவர்களை வீட்டில் உட்கார வைக்கின்றன. மூன்றும் சரி செய்யக் கூடியவை. விழாக் கமிட்டியினரும் குழு நடத்துபவர்களும் படிக்க வேண்டும் என்றே இதை எழுதுகிறோம்.

ஒரு மேடைப் பாடகியின் காது ஒரு நாளில் உருவாவதில்லை. வட ஆற்காட்டில் வளர்ந்தவர் என்றால் அந்தக் காதுக்குள் பம்பையின் நடை இருக்கும், உடுக்கை இருக்கும், விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தில் முகவீணை என்ற ஊதுகுழலோடு போட்டி போட்டு ஏறுகிற உச்ச ஸ்தாயி இருக்கும். தேவாலயப் பாடகர் குழுவில் பாடிப் பழகியவருக்கு, பக்கத்தில் ஒருவர் வேறு சுரத்தில் பாடும்போதும் தன் சுரத்தை விடாமல் பிடிக்கத் தெரியும். கோரஸுக்கு அவரைப் போல ஆள் கிடைக்காது. இவற்றின் மேல்தான் சுசீலா அம்மாவின் உச்சரிப்பும் ஜானகி அம்மாவின் மூச்சும் வந்து படிகின்றன. வாணி ஜெயராம் 1945இல் இதே வேலூரில் பிறந்தவர். சிறு வயதில் கர்நாடக இசை கற்றவர், கல்யாணமாகிப் பம்பாய் போன பிறகுதான், கணவர் ஊக்குவிக்க, பாட்டியாலா பாணியைச் சேர்ந்த உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் ஹிந்துஸ்தானி பயின்றார். மூன்று முறை தேசிய விருது வாங்கிய குரல் அது. பெண்ணின் இசை கல்யாணத்தோடு முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்கட்டும். கல்யாணத்துக்குப் பிறகும் ஒருவர் கற்றுக்கொள்ள வீட்டில் நேரம் ஒதுக்கிக் கொடுத்தார்கள், அதனால் நமக்கு ஒரு குரல் கிடைத்தது.

நேரத்திலிருந்து தொடங்குகிறோம். நோட்டீஸில் இரவு 7 மணி என்று போட்டிருக்கும். சாமி ஊர்வலம் முடிந்து, பிரமுகர்களுக்குச் சால்வை போட்டு, முதல் பாட்டு ஆரம்பிக்க ஒன்பதரை ஆகிவிடும். வேலூரிலிருந்து ஆம்பூர்ப் பக்கம் போக வேண்டிய பாடகி சவுண்டு செக்கிங்கிற்காக நாலரை மணிக்கே வேன் ஏறுகிறார், திரும்பி வர ஒன்றரை மணி. ஒன்பது மணி நேரம் ஆயிற்று. மூன்று மாதக் குழந்தை இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் குடிக்கும் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒலி மாசு விதிகள் 2000இன்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக மாநில அரசு வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்வு தரலாம், அவ்வளவுதான். விதிப்படியே நடத்தினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். சாமி புறப்படுவதற்கு முன்பு ஆறரைக்கே கச்சேரியைத் தொடங்கி, பக்திப் பாட்டையும் பழைய மெலடியையும் எட்டரைக்குள் பாடி முடிக்கலாம்.

முடியாத ஊர்களில், இரண்டு பாடகிகள் பாதிப் பாதியாகப் பாடும் முறை நன்றாக நடக்கிறது. மூன்று மணி நேரக் கச்சேரியில் ஏறக்குறைய 30 பாட்டு வரும். கைக்குழந்தைக்காரர் முதல் பாதியில் ஏழெட்டுப் பாட்டு பாடிவிட்டுக் கிளம்பலாம். ஆனால் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அன்பளிப்பு ரூபாய் வருவதெல்லாம் இரண்டாவது பாதியில், நேயர் விருப்பம் கேட்கும்போதுதான். முதல் பாதி பாடியவருக்கு அதில் ஒரு ரூபாய்கூட வராது. இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாம் முறை அவர் வர மாட்டார். அன்பளிப்பை ஒரே உண்டியலில் போட்டு, கடைசியில் எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். சவுண்டு செக்கிங்கிற்கும் அவரே நாலரைக்கு வந்து நிற்க வேண்டியதில்லை. டிஜிட்டல் மிக்ஸராக இருந்தால் அவருடைய மைக் செட்டிங்கைப் போன கச்சேரியிலேயே சேமித்து வைக்கலாம். கடைசியில் இரண்டு வரி பாடிப் பார்த்தால் போதும்.

அடுத்தது அறை. தமிழ்நாட்டில் பஸ் நிலையங்களிலேயே 2015 முதல் பாலூட்டும் அறை இருக்கிறது. திருவிழா மைதானத்தில் மேடைக்குப் பின்னால் துணி கட்டிய மறைப்புதான் இருக்கிறது, அதற்குள்ளேயே ஆண்களும் உடை மாற்றுகிறார்கள், டீயும் வருகிறது. பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. தாழ்ப்பாள் போடக்கூடிய ஓர் அறை, மின்விசிறி, நாற்காலி, கை கழுவத் தண்ணீரும் சோப்பும், ஒரு பிளக் பாயின்ட். பள்ளிக்கூட வகுப்பறையோ தெருவில் ஒரு வீட்டின் முன்னறையோ போதும். எந்த இடத்தில் என்பதுதான் முக்கியம். மேடைக்குப் பின்னால் சத்தம் குறைவு என்று நினைத்து அங்கேயே தொட்டில் கட்டுகிறார்கள். அது தவறு. பாட்டுச் சத்தம் முன்னால் போகும், பேஸ் பாக்ஸின் அதிர்வு எல்லாப் பக்கமும் பரவும். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். ஸ்பீக்கரிலிருந்து 3 மீட்டரில் 105 டெசிபல் இருந்தால் 12 மீட்டரில் 93, 48 மீட்டரில்தான் 81 ஆகும். பெரியவர்களுக்கே 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் பாதுகாப்பு என்று கணக்கு, குழந்தையின் காது அதைவிட மென்மை. அதனால் 50 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி அறை வேண்டும், இடையில் ஒரு சுவர் இருந்தால் இன்னும் நல்லது. காதில் பஞ்சு வைப்பது போதாது. குழந்தைகளுக்கென்றே விற்கிற, காதை முழுக்க மூடும் இயர்மஃப் வாங்க வேண்டும். ஜெனரேட்டர் புகை அடிக்கும் பக்கம் அறை இருக்கவே கூடாது.

குழந்தையை வீட்டில் பாட்டியிடம் விட்டு வருகிறவர்களுக்கும் அறை வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் பால் எடுக்காமல் இருந்தால் மார்பு கல்லாக இறுகும். பால் தேங்கி, மார்பு சிவந்து, குளிர் ஜுரமும் வரலாம். அதோடு மேடையில் நின்று சிரித்துக்கொண்டு பாடுவதை யாரும் பெருமையாகப் பேச வேண்டாம், அது கொடுமை. இடைவேளையில் கால் மணி நேரம் கிடைத்தால் கையாலோ பம்பாலோ எடுத்துவிடலாம். எடுத்த பாலை மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் ஒரு வேளைக்கு 60 முதல் 90 மில்லி வீதம் தனித்தனியாக ஊற்றி, மேலே நேரம் எழுதி, ஐஸ் பேக் வைத்த பெட்டிக்குள் வைக்க வேண்டும். அப்படி 24 மணி நேரம் வரை தாங்கும். வெளியில் நாலு மணி நேரம் கெடாது என்று சொல்வது 25 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு, அதை வேலூர் வெயிலில் நம்பக் கூடாது. கொடுக்கும்போது அடுப்பில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் டப்பாவை நிறுத்தி வெதுவெதுப்பாக்கிச் சங்கில் புகட்டலாம். குழந்தை குடித்து மீந்ததை மறுபடியும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது.

சவுண்டு சர்வீஸ்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். பாடகிக்குத் தன் குரல் தனக்குக் கேட்கவில்லை என்றால் தன்னை அறியாமல் கத்திப் பாடுவார். நாலு பாட்டில் தொண்டை கட்டிக்கொள்ளும். ஊருக்குக் கேட்கும் பாக்ஸை ஆறு, எட்டு என்று அடுக்கிவிட்டு, பாடுகிறவருக்கு ஒரு மானிட்டர்கூட வைக்காமல் விடுகிறார்கள், அல்லது அதைக் கீபோர்டுக்காரர் பக்கம் திருப்பி வைத்துவிடுகிறார்கள். மானிட்டரைப் பாடகியின் எதிரே, மைக்கின் வால் பக்கத்துக்கு நேராக வையுங்கள். சாதாரணப் பாட்டு மைக் பின்பக்கச் சத்தத்தை மிகக் குறைவாகவே வாங்கும், கீச்சென்று ஊளையிடும் ஹவுலிங்கும் வராது. அதில் குரல் முன்னால் இருக்கட்டும், டிரம்ஸே வேண்டாம். எக்கோவை அந்த மானிட்டரில் குறைத்துவிடுங்கள், சுருதி தெளிவாகக் கேட்கும்.

பிரசவத்துக்குப் பிறகு குரல் மாறுவதைப் பற்றிக் குழுவில் யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் மூச்சு குறையும், நெஞ்செரிச்சல் குரல்நாண்களை உறுத்தும். பிறந்த பிறகு வயிற்றுத் தசை தளர்ந்திருப்பதால் உச்ச ஸ்தாயியைத் தாங்குகிற பிடிமானம் இருக்காது. சிசேரியன் என்றால் டாக்டர் சரி என்று சொல்லும் வரை, சாதாரணமாக ஆறு முதல் எட்டு வாரம், உரக்கப் பாடவும் கூடாது, கீபோர்டுப் பெட்டியைத் தூக்கவும் கூடாது. தூக்கமில்லாததும் தண்ணீர் குறைவதும் சேர்ந்து தொண்டை வறண்டு, மேல் சுரத்தில் குரல் உடையும். திரும்பி வந்த முதல் மாதம் ஒரு கச்சேரிக்கு நாலு பாட்டு போதும். உச்சிப் பாட்டுகளை அடுத்தடுத்து வைக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் கரகரப்பு நின்றால் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும், மிளகு கஷாயத்தை நம்பிக்கொண்டிருக்கக் கூடாது.

பாட்டின் சுருதியை அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். 5½ கட்டைப் பாட்டை 5இல் எடுத்தால் கேட்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. கஷ்டம் வாசிக்கிறவர்களுக்குத்தான், அதனால்தான் முகம் சுளிக்கிறார்கள். கீபோர்டில் சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸில் மைனஸ் ஒன்று போட்டால் வேலை முடிந்தது. ஆனால் அடுத்த பாட்டுக்கு அதை எடுக்க மறந்தால் மொத்தக் குழுவும் ஒரு பக்கம், கீபோர்டு ஒரு பக்கம் போகும். ரிதம் பேடிலோ லேப்டாப்பிலோ பதிந்து வைத்த, திரும்பத் திரும்ப ஒலிக்கும் லூப்பில் பேஸ் சுரம் கலந்திருந்தால் அது கூடவே இறங்காது. புல்லாங்குழல்காரர் வேறு குழல் எடுக்க வேண்டும். தபலாவைத் தட்டிச் சுருதி சேர்க்கச் சில நிமிஷம் பிடிக்கும், அந்த நேரத்தில் கூட்டம் விசிலடிக்கும். இதற்கு வழி, இறக்கிய பாட்டுகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே தொகுப்பாக வைப்பது. இல்லையென்றால் இரண்டாவது தபலாவை அந்தச் சுருதிக்கு முன்பே சேர்த்து வைப்பது. டூயட்டில் மட்டும் ஒரு கட்டைக்கு மேல் இறக்காதீர்கள், ஆண் குரல் கீழ்ச் சுரத்தில் காணாமல் போய்விடும்.

பாட்டு லிஸ்ட் கச்சேரிக்கு நாலு நாள் முன்னால் வாட்ஸ்அப்பில் வந்துவிட வேண்டும். பாட்டின் பெயரோடு கட்டை, யார் தொடங்குவது, இடையிசை எத்தனை ஆவர்த்தம் (தாளச் சுற்று), கோரஸ் எங்கே என்பதும் இருந்தால், ராத்திரி பத்து மணி ரிகர்சலுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். குழந்தை பிறந்ததும் முதலில் தொலைவது கேட்கிற நேரம்தான். ஒரு மணி நேரம் தொடர்ந்து உட்கார முடியாது என்பதற்காகப் பாட்டுச் சாதகத்தையே, அதாவது பயிற்சியையே, விட்டுவிடுகிறார்கள். பத்துப் பத்து நிமிஷமாக நாளைக்கு மூன்று முறை போதும். பால் கொடுக்கும்போது ஒரு காதில் மட்டும் ஹெட்போன் வைத்து, ஒரு பாட்டின் ஒரே வரியை முக்கால் வேகத்தில் திரும்பத் திரும்பக் கேட்டால் சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் எங்கே திரும்புகிறது என்று பிடிபடும். வாய் மூடி ம்ம் என்று முனகுவதும், குழந்தையைத் தூங்க வைக்க நீலாம்பரி ராகத்தில் கீழ் ஸ்தாயியில் நீண்ட மூச்சில் பாடும் தாலாட்டும் குரலை நோகாமல் திறக்கிற பயிற்சிகள்தாம். தாலாட்டுப் பாடுகிற நேரமும் சாதகக் கணக்கில் சேரும்.

பணத்தையும் சொல்லிவிடுகிறோம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் இருக்கும் பெண்ணுக்குச் சட்டப்படி 26 வாரம் வரை சம்பள விடுப்பு. கச்சேரிக்குக் கச்சேரி கூலி வாங்கும் பாடகிக்கு முதலாளி என்று ஒருவர் இல்லை, அதனால் விடுப்பும் இல்லை. கர்ப்பிணிகளுக்கு அரசு தவணை தவணையாகப் பணம் தரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்குக் கர்ப்பம் உறுதியானதுமே கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்ய வேண்டும். ஊர் ஊராகச் சுற்றுகிற கலைஞர்கள் இதைத் தள்ளிப்போட்டுத் தவணையை இழக்கிறார்கள். கலைஞர்களுக்கான நல வாரியத்தில் மெல்லிசை மேடைப் பாடகிகளும் வாத்தியக்காரப் பெண்களும் பதிவு செய்யும் வழியை அரசு தெளிவாக அறிவிக்க வேண்டும். குழு நடத்துபவர்களோ, பிரசவத்துக்குப் போகும்போதே எந்த மாதம் திரும்புகிறார் என்று பேசி எழுதி வைத்து, அந்த மாதத்துக் கச்சேரிகளில் பழைய கூலியிலேயே அவருக்கு இடம் வைக்க வேண்டும். குழந்தை பிறந்ததற்காகக் கூலியைக் குறைக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள்.

கமிட்டிக்காரர்கள் இந்த வாரம் அட்வான்ஸ் ரசீது எழுதும்போது, தேதி, தொகை, ஜெனரேட்டர் யார் செலவு, சாப்பாடு எத்தனை பேருக்கு என்று எழுதுகிற அதே தாளில் இன்னும் இரண்டு வரி எழுதச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறோம்: "பெண் கலைஞர்களுக்கு மேடையிலிருந்து 50 மீட்டர் தள்ளித் தாழ்ப்பாள் உள்ள அறை, மின்விசிறி, தண்ணீர். முதல் பாட்டு மாலை 6.30."

இப்படிக்கு,
மெல்லிசைக் குழுப் பாடகிகள், வாத்தியக் கலைஞர்கள் சிலர்
வேலூர், காட்பாடி, குடியாத்தம்