ஒரு பக்கம் மட்டும் பாடும் தட்டு

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் அம்மா போனை வாங்கிக்கொள்கிறாள். சாம்பார்ப் பொடியில் ஆரம்பித்து சித்தப்பா வீட்டுக் கல்யாணம்வரை பேசி முடித்து அது என் கைக்கு வருவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. இது மூன்று நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை.

போன தீபாவளிக்கு வந்தபோது, பிரான்ஸில், கிரெனோபிளில் உங்கள் பகுதி நூலகத்தில் கழித்துப் போட்டது, ஒன்று ஒரு யூரோ என்று சொல்லி நாலு சிடி கொண்டுவந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அதில் ஒன்றின் பின்னட்டையைப் படித்துவிட்டு, "இங்க பாருங்கப்பா, மெட்ராஸ்னு ஒரு பாட்டு" என்று சிரித்தாய். டான் அப்ஷா என்ற அமெரிக்கப் பாடகி பாடியது, 1991-இல் வந்தது. நீ கிளம்பிப் போய் ஒரு வாரம் அதைத் தொடவில்லை. அப்புறம் ஒரு மத்தியானம் கரண்டு போய் வந்ததும், என்ன போடுவது என்று தெரியாமல் அதைப் போட்டேன்.

அந்த மெட்ராஸோடு சேர்த்து ஒரே தொகுப்பாக நாலே பாட்டு, எல்லாம் சின்னச் சின்னது. மெட்ராஸ், லாகூர், பெனாரஸ், ஜெய்ப்பூர். எழுதியவர் மொரிஸ் டெலாஜ், 1879-இல் பிறந்த பிரெஞ்சுக்காரர், ராவெல் என்ற பெரிய பிரெஞ்சு இசையமைப்பாளரின் சீடர். வீட்டில் பூட் பாலிஷ் வியாபாரம், கையில் காசு இருந்தது. 1912-இல் குடும்பத்தோடு இந்தியாவுக்கு வந்தவர், போன ஊர்களில் உட்கார்ந்து எழுதி அந்தந்த ஊர்ப் பெயரையே தலைப்பாக வைத்துவிட்டார். அதனால் 'மெட்ராஸ்' பாட்டில் மெட்ராஸைத் தேடாதே. அது சமஸ்கிருதக் கவி பர்த்ருஹரியின் ஒரு சுலோகம், பிரெஞ்சில்.

'லாகூர்' வேறு மாதிரி. முதலில் செலோ, அதாவது பெரிய வயலின் மாதிரி இருக்குமே அது, மட்டும் தனியாக வருகிறது. வில் போட்டு அல்ல, தந்தியை விரலால் மீட்டி, மீட்டின சுரத்தை இழுத்துக்கொண்டே போகிறது. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இது செலோ பேசுகிற பாஷை இல்லையே, இங்கே யாரோ சிதார் வாசிக்கிறார்களே என்று தோன்றியது. பிறகு படித்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. சிதார் மேதை விலாயத் கானின் தாத்தா இம்தாத் கான் கொடுத்த கிராமபோன் தட்டைக் கேட்டுத்தான் டெலாஜ் அந்த இடத்தை எழுதியிருக்கிறார். பாட்டின் வரிகள் ஹைனே என்ற ஜெர்மன் கவியுடையவை. வடக்கே பனி மூடி நிற்கும் ஒரு பைன் மரம், கிழக்கே எங்கோ சுடுகிற பாறைமேல் தனியாக நிற்கும் ஒரு பனைமரத்தைக் கனவில் காண்கிறது. அவ்வளவுதான் கதை. கிரெனோபிளில் இப்போது பனி என்று உன் அம்மா சொன்னாள். நான் பாட்டைப் பற்றித்தான் சொல்கிறேன், வேறொன்றும் இல்லை. வரிகள் முடிந்த பிறகு அந்தப் பாடகி சொல்லே இல்லாமல் வெறும் குரலில் இழைத்துக்கொண்டே போகிறாள், அதை மட்டும் ஒருதரம் ஹெட்போன் போட்டுக் கேள்.

இந்த நாலு பாட்டும் பாரிஸில் முதன்முதலாக அரங்கேறியது 1914 ஜனவரி 14. அதே மேடையில் அதே நாளில் மல்லார்மே என்ற பிரெஞ்சுக் கவியின் வரிகளுக்கு ராவெல் போட்ட பாட்டுகள் மூன்றும், ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் ஜப்பானியப் பாட்டுகள் மூன்றும் அரங்கேறின. நீ ஒரு யூரோவுக்கு வாங்கின சிடியில் அந்த மூவரின் பாட்டுகளுமே இருக்கின்றன! சிடியைத் தொகுத்தவர்கள் தெரிந்துதான் செய்திருக்க வேண்டும். மற்ற இருவரையும் உலகமே பாடுகிறது. டெலாஜ் பேரைச் சொன்னால் நம் சங்கீத சபாவில் வெஸ்டர்ன் கேட்கிறவர்கள்கூட "யாரு?" என்கிறார்கள். ஜேனட் பேக்கர் என்ற இங்கிலாந்துப் பாடகி டெலாஜின் இந்தப் பாட்டுகளை 1960-களில் பாடின பதிவும் ஒன்று இருக்கிறது. குரலில் இருக்கும் கனத்துக்கு நான் அதைத்தான் முதலில் வைப்பேன்.

சரி, இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

டெலாஜ் வேறென்ன எழுதினார் என்று தேடிக்கொண்டு போனேன். 'ராகமாலிகா' என்று ஒன்று, ஒரு குரலும் ஒரு பியானோவும். தலைப்புக்குக் கீழே 'தமிழ்ப் பாட்டு' என்று பிரெஞ்சில் போட்டிருக்கிறது. கேட்டால், வள்ளலாரின் அருட்பா! விருத்தம் பாடுகிறவர்கள் ராகத்தை மாற்றி மாற்றிப் போவார்களே, அந்த மாதிரி. தமிழ் ஒரு பிரெஞ்சு வாயில் மாட்டிக்கொண்டு அவஸ்தைப்படுகிறது என்பது உண்மை. ஆனால் டெலாஜ் இந்த மெட்டை எங்கே பிடித்தார் தெரியுமா? கோயமுத்தூர் தாயி பாடின தட்டிலிருந்து. தாயி பாடியதை ஏறக்குறைய அப்படியே நொட்டேஷனில் இறக்கியிருக்கிறார்.

கோயமுத்தூர் தாயி. நம்ம ஊர். நான் இந்த ஊரில் அறுபத்து நாலு வருஷமாக இருக்கிறேன், அதில் நாற்பது வருஷம் தட்டு சேர்க்கிறேன் என்று பெருமையடித்துக்கொண்டு திரிகிறேன். பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறேன், குரலைக் கேட்டதில்லை. 1872-இல் பிறந்து 1917-இல் போய்ச் சேர்ந்தவர், தேவதாசிக் குடும்பம். மெட்ராஸுக்குக் குடிபோய் அங்கே பெரிய பெயரெடுத்தார், கிராமபோன் கம்பெனி வந்த புதிதிலேயே தட்டுகள் கொடுத்தார். ஒரு பிரெஞ்சுக்காரன் அதைக் கொண்டுபோய் உட்கார்ந்து கேட்டு, பியானோவில் ஒரு தந்திக்கு அடியில் அட்டையைச் செருகச் சொல்கிறான், மிருதங்கத்து இடந்தலை மாதிரி மொத்தென்று கேட்க வேண்டும் என்று. பியானோவுக்குள் சாமானைச் செருகிப் பெயர் வாங்கினவர் ஜான் கேஜ் என்ற அமெரிக்க இசையமைப்பாளர். அவர் அதைச் செய்தது இதற்கு இருபது வருஷத்துக்கு மேல் கழித்து.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. காரணம் உனக்குத் தெரியாது, உன் அம்மாவுக்கும் நான் சொன்னதில்லை. 1993-இல் ராஜ வீதிப் பக்கம் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். மில்லில் ஷிஃப்டு முடிந்து வந்துகொண்டிருந்தேன். திண்ணையில் இரண்டு சாக்கு நிறையத் தட்டுகள், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எம்.எஸ்., ஜி.என்.பி., பாகவதர் என்று தெரிந்த பேராகப் பொறுக்கிப் பதினோரு தட்டு எடுத்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். மிச்சமெல்லாம் பேர் தெரியாத அம்மாக்கள். சேலம் இன்னார், காஞ்சிபுரம் இன்னார் என்று ஊர்ப் பேரோடு. ரெண்டு சாக்கையும் கேரியரில் வைத்தால் தட்டு உடைந்துவிடும், நாளைக்கு வரலாம் என்று விட்டேன். நாளைக்குப் போனால் திண்ணையே இல்லை.

நான் எடுத்து வந்த பதினோரு பாட்டும் இன்றைக்கு யூடியூபில் இருக்கிறது. விட்டுவிட்டு வந்ததில் என்ன இருந்ததோ.

அதனால் மூன்று மாசமாக உக்கடத்தில் பழைய சாமான் கடைகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து எழுந்தேன். கடைக்காரப் பாய் என்னைப் பார்த்தாலே டீ சொல்லிவிடுகிறார். போன புதன்கிழமை, சினிமாத் தட்டுகளுக்கு நடுவில் ஒன்று கிடைத்தது. லேபிளில் பாதி எழுத்து போய்விட்டது. ஊர்ப் பேரும் தாயி என்பதும் தெரிகிறது, பாட்டின் பெயர் இருந்த இடத்தில் யாரோ எண்ணெய்க் கையை வைத்திருக்கிறார்கள். திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் கோடே இல்லை. வழவழவென்று இருக்கிறது, நடுவில் மட்டும் இறகு வைத்த ஒரு தேவதை உட்கார்ந்து எழுதுகிற மாதிரி அச்சு. ஆரம்பகாலத் தட்டுகள் அப்படித்தான், ஒரு பக்கம்தான் பாட்டு. 1908-இல் கல்கத்தா சியால்டாவில் தொழிற்சாலை வரும்வரை, இங்கே பாடினதை ஜெர்மனிக்குக் கப்பலில் அனுப்பி ஹனோவரில் அச்சடித்துத் திரும்பக் கொண்டுவருவார்கள். மெட்ராஸில் பாடின குரல் இரண்டு தரம் கடல் தாண்டித்தான் நம்ம ஊர்க் கடைக்கே வந்தது. முந்நூறு ரூபாய் கேட்டார். பேரம் பேசவில்லை. பேசியிருந்தால் கையில் நடுக்கம் தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்து, தாத்தாவின் கிராமபோன் பெட்டியில் போட்டேன். இவ்வளவு பழைய தட்டை எஃகு ஊசியில் ஓட்டுவது பாவம். ஒரே தரம் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டு, பக்கத்தில் போனை வைத்து ரெக்கார்டு பண்ணினேன். முதல் சுற்றில் வந்தது ஏதோ பத்து வயசுப் பிள்ளை மூக்கால் பாடுகிற மாதிரி இருந்தது. ஏமாற்றமாகிவிட்டது. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. பழைய தட்டு நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு சுற்று என்று நாம் சொல்கிறோமே தவிர, அந்தக் காலத்தில் எழுபத்தெட்டிலேயே பதிந்தார்கள் என்று யார் சொன்னது? கம்பெனிக்குக் கம்பெனி, நாளுக்கு நாள் வேகம் மாறும். நாலு, நாலரை சுற்று கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும்.

பெட்டியின் மூடியைக் கழற்றினேன். உள்ளே கவர்னர் இருக்கிறது, மூன்று குண்டு வைத்துச் சுழலும், அதன்மேல் ஒரு தோல் பட்டை உரசி வேகத்தைப் பிடிக்கும். மில்லில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவனுக்கு இது ஒரு வேலையா. தட்டின் ஓரத்தில் சின்னக் காகிதத் துண்டைச் செருகி, கடிகாரத்தை வைத்து நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணி எண்ணிக் குறைத்தேன். சுருதிக்கு அம்மாவை ஆர்மோனியத்தில் ஐந்து கட்டையை அமுக்கிப் பிடிக்கச் சொன்னேன். தட்டின் வேகம் எழுபத்திரண்டு பக்கம் வந்து நின்றது. சரி, சத்தியத்தை மீறி இரண்டாந்தரம் ஊசியை வைத்தேன்.

அம்மிணி, அதே தட்டுதான். பிள்ளையின் குரல் போய் ஒரு பெரிய மனுஷி வந்து உட்கார்ந்துகொண்டாள். அந்தக் காலத்தில் மைக் கிடையாது, 1925 வாக்கில்தான் அது வந்தது. ஒரு புனலுக்கு முன்னால் முகத்தை வைத்துக் கத்திப் பாட வேண்டும். தம்பூராவெல்லாம் அதில் விழவே விழாது. அப்படிப் பாடியும் இந்த அம்மா கத்தவில்லை. பிருகா, அந்த வேகமான சுர உருட்டல், ஒவ்வொன்றும் உதிர்ந்த மல்லி மாதிரி தனித்தனியாக விழுகிறது. மூன்று நிமிஷத்தில் முடித்தாக வேண்டும் என்பதால் ஒரு சங்கதியைக்கூட வீணாக்காமல் போகிறாள். உன் அம்மா ஆர்மோனியத்திலிருந்து கையை எடுக்க மறந்துவிட்டாள்.

இப்படி ஒருத்தர் மெட்டை இன்னொருத்தர் எடுப்பது ஒன்றும் புதிதில்லை என்றாள் அப்புறம். நீ பாட்டு கிளாஸில் முதன்முதலில் பாடின 'சக்தி ஸஹித கணபதிம்' என்ன, நோட்டு ஸ்வரம்தானே? வெள்ளைக்காரன் பேண்டு மெட்டைக் கேட்டு முத்துஸ்வாமி தீட்சிதர் சமஸ்கிருதத்தில் போட்டது. இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற பாட்டின் மெட்டையே அம்பாளுக்கு 'ஸந்ததம் பாஹிமாம்' என்று ஆக்கியவர் அவர். தீட்சிதர் அங்கேயிருந்து எடுத்தார், டெலாஜ் இங்கேயிருந்து எடுத்தார், கணக்கு சரி என்றாள் உன் அம்மா. அவளுக்கு எல்லாமே கணக்குதான்.

இந்தத் தேடலில் இன்னொருவரும் மாட்டினார், ஜான் ஃபோல்ட்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர். அவர் மனைவி மாட் மெக்கார்த்தி இங்கே வந்து நம் சங்கீதம் கற்றவர். ஃபோல்ட்ஸ் கடைசியில் ஆல் இந்தியா ரேடியோவில் வேலைக்கு வந்து 1939-இல் கல்கத்தாவில் காலராவில் இறந்துபோனார். 'த்ரீ மந்த்ராஸ்' என்று ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதியிருக்கிறார். மூன்றாவது மந்திரம், ஷெட்டில் அத்தனை ஸ்பின்னிங் ஃபிரேமும் ஒரே சமயம் ஓடினாற்போல இருக்கிறது. எனக்குப் பிடித்தது, உனக்குத் தலைவலிக்கும்.

இன்னும் ஒன்று. உன் சிடியின் ஓரத்தில் நன்சச் என்று கம்பெனிப் பேர் இருக்கிறது பார். அதே கம்பெனி 1960-களின் கடைசியில் நம் கர்நாடகப் பாடகர் ராமநாதபுரம் கிருஷ்ணனின் இரட்டை எல்.பி. போட்டது, அவர் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது. மிருதங்கம் வாசித்தவர் டி. ரங்கநாதன், அவர் 'வீணை தனம்மாள்' என்று பேர்பெற்ற அம்மாளின் பேரன். உங்கள் நூலகத்தில் மறுபடி கழித்துப் போட்டால், பேர் தெரியாததாகப் பார்த்து எடு. பணம் நான் தருகிறேன்.

உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று. 'ராகமாலிகா' நொட்டேஷன் புத்தகம் பாரிஸில் டூரான் பதிப்பகம் போட்டது. பழைய நொட்டேஷன் விற்கிற கடை எதிலாவது கிடைக்குமா என்று லீவில் பாரிஸ் போகும்போது விசாரி. இரண்டு குரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, டெலாஜ் எந்தக் கமகத்தை, சுரத்தின் எந்த அசைவைப் பிடித்தார், எதைக் கோட்டை விட்டார் என்று பார்க்க எனக்கு ஆசை.

தாயியின் பாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். ராகம் என்ன என்று நான் சொல்ல மாட்டேன், நீ கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை சொல். அம்மா ஒன்று சொல்கிறாள், நான் ஒன்று சொல்கிறேன், மூன்று நாளாக வீட்டில் இதே சண்டை. நாற்பதாவது வினாடியில் ஒரு விசில் சத்தம் வரும், அது தட்டில் இல்லை. நம் வீட்டுக் குக்கர்.

அன்புடன்,
அப்பா