கிரைண்டர் பணத்தைத் திருப்பித் தாருங்கள்: ஈஸ்ட்ஹாம் கடைக்கு ஒரு முறைப்பாடு

மதிப்புக்குரிய முதலாளி ஐயாவுக்கும் வாடிக்கையாளர் பிரிவில் இருப்பவர்களுக்கும்,

விடயம்: இலண்டன் ஈஸ்ட்ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் உள்ள உங்கள் கடையில் வாங்கிய கிரைண்டர், அதற்கான பணம், அங்கே எங்களுக்கு நடந்த அவமரியாதை.

வணக்கம்.

கடைக்கு நேரில் வந்து சொன்னேன், கேட்கவில்லை. தொலைபேசி எடுத்துச் சொன்னேன், வேறு இலக்கத்துக்கு எடுக்கச் சொன்னார்கள். அந்த இலக்கத்துக்கு எடுத்தால், "கடையில்தானே வாங்கினீங்கள், கடையிலேயே கேளுங்கோ" என்றார்கள். வாட்ஸ்அப்பில் படங்களோடு அனுப்பினேன். இரண்டு நீலக்கோடு விழுந்ததோடு சரி. இனி வாயால் சொல்லிப் பயனில்லை என்றுதான் எழுத்தில் தருகிறேன். இதைத் தயவுசெய்து முழுதாக வாசியுங்கள்.

எந்தக் கிரைண்டர் என்று நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. தீபாவளிக்கு முதல் கடை வாசலில் அடுக்கிவைத்து, மூன்று சாடி, 750 வாட் என்று மஞ்சள் மட்டையில் எழுதித் தொங்கவிட்டு விற்றீர்களே, அதுதான். 129 பவுண், என் கடனட்டையில் கட்டினேன். அம்மாவுக்காக வாங்கியது. அம்மாவுக்கு அம்மியில் அரைத்துப் பழகிய கை. இங்கே வந்தபிறகு கிரைண்டர் இல்லாமல் அவவுக்குச் சமையலே ஓடாது.

முதல் மாதம் முடியவில்லை. ஒருநாள் செத்தல் மிளகாய் அரைக்கும்போது கருகல் மணம் வந்தது. சாடியைத் தூக்கிப் பார்த்தால், கீழே சாடி பூட்டுகிற கறுத்த ரப்பர் பல்லெல்லாம் தேய்ந்து, மோட்டரைச் சுற்றிக் கறுப்புத் தூள் கொட்டிக் கிடந்தது. அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமத்தினால் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு நின்றுவிடும். அந்தப் பொத்தான் எதற்கு என்று விற்கிற உங்களுக்குத் தெரியும். மோட்டர் தாங்காத பாரம் வந்தால் மின்சாரத்தை வெட்டுவதற்கு. ஒரு பிடி மிளகாய் 750 வாட் மோட்டருக்குப் பாரமா?

30 நாள் முடிவதற்கு முன்னமே பெட்டியோடு கொண்டுவந்து, இது வேண்டாம், பணத்தைத் தாருங்கள் என்று கேட்டேன். கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கும் அறிவித்தலைக் கையால் காட்டினார்கள். விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாதாம். ஐயா, அந்தத் தாளை முதலில் கிழித்து எடுங்கள். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, பழுதான பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். கடையில் எதை எழுதி ஒட்டினாலும் அந்த உரிமை போகாது. பில்லில் எழுத்து மங்கிவிட்டது, வாசிக்க முடியவில்லை என்று இன்னொரு சாட்டும் சொன்னார்கள். மங்கினது உங்கள் கடைத் தாள். வாங்கினதற்குச் சாட்சியாக என் கடனட்டைக் கணக்கு இருக்கிறது, அதைத் தொலைபேசியில் திறந்து நீட்டினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "திருத்தித் தருவம், விட்டுட்டுப் போங்கோ" என்றார்கள். சரி, பழகிய கடைதானே என்று விட்டுவிட்டுப் போனேன்.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி நான் சொல்லியே ஆகவேண்டும். திருத்துகிறவர் சனிக்கிழமை வருவார், நேரில் வந்து அவருடன் கதையுங்கள் என்று உங்கள் கடையிலிருந்துதான் சொன்னார்கள். நாங்களாகக் கேட்டு வந்த நாள் இல்லை அது. எனக்குச் சனிக்கிழமைகளில் வேலை. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, கொட்டுகிற மழையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்தேன். கதவடியில், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். முழங்கால் வருத்தம் உள்ள மனிசி, இருக்க ஒரு கதிரை கேட்டேன், தரவில்லை. சனம் வருவதும் போவதுமாக இருந்தது, ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் குளிர் அம்மாவின் முகத்தில் அடித்தது. பின்னேரம் ஆனபிறகு, கல்லாவில் நின்ற பெடியன் தொலைபேசியில் இருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார், திருத்துகிறவர் சனிக்கிழமைகளில் வருவதே இல்லையாம். யார் உங்களுக்கு அப்படிச் சொன்னது என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

நான் சத்தம் போடவில்லை. "தம்பி, அப்ப முகாமையாளரைக் கூப்பிடுங்கோ" என்றுதான் சொன்னேன். அதற்கு அவர், வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்க, "அன்ரி, ஒரு கிரைண்டருக்கு இவ்வளவு கரைச்சல் குடுக்கிறீங்களே, புதுசு வாங்கக் காசில்லையோ?" என்றார். அதோடும் நிற்கவில்லை. அம்மாவைப் பார்த்து, "ஆச்சிக்கு அரைக்கத் தெரியாது போல, எரிச்சுப்போட்டு வந்து நிக்கிறா" என்றார். சிரித்துக்கொண்டு.

என் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் வீடு வரும்வரைக்கும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அன்றிலிருந்து ஹை ஸ்ட்ரீட்டுக்கு வா என்று கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறா. மகாலட்சுமி கோயிலுக்கு வருகிற வழியில்கூட உங்கள் கடைப் பக்கத்தால் போகவேண்டாம், மற்றப் பக்கத்தால் போவம் என்கிறா. 129 பவுணை நீங்கள் நாளைக்கே தந்துவிடலாம். இதற்கு என்ன தருவீர்கள்?

அந்தப் பெடியன் இன்னும் அதே கல்லாவில்தான் நிற்கிறார் என்று கேள்விப்பட்டேன். அவரை வேலையால் நிற்பாட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் வயதுபோன ஒரு மனிசியோடு எப்படிக் கதைப்பது என்று யாராவது அவருக்குச் சொல்லித்தர வேண்டும். முதலாளிக்கு அந்தப் பொறுப்பு உண்டு.

கரண்டைப் பற்றிச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். உங்கள் தலைமை அலுவலகத் தொலைபேசியில் ஒருவர், "அது இந்தியச் சாமான், இங்கத்தைக் கரண்டுக்கு ஒத்துவராது, நீங்கள் பார்த்து வாங்கியிருக்க வேணும்" என்றார். இந்தியாவிலும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். இலங்கையிலும் அதே. இந்த நாட்டிலும் அதே. பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. அமெரிக்காவுக்குக் கொண்டுபோயிருந்தால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கும், அங்கே 120 வோல்ட். இலண்டனில் இருந்துகொண்டு இலண்டன் ஆட்களுக்கு விற்ற சாமானைப் பற்றி இப்படி ஒரு பதில். உண்மையிலேயே ஒத்துவராது என்றால், வாசலில் வைத்து விற்றது யார்? பிறகு, உற்பத்தி செய்த கொம்பனிக்கு எழுதுங்கள் என்றும் சொன்னார். நான் அந்தக் கொம்பனிக்குக் காசு கட்டவில்லை. உங்கள் கல்லாவில் கட்டினேன். பழுதுக்குப் பதில் சொல்லவேண்டியது விற்றவர் என்றுதான் சட்டம் சொல்கிறது.

திருத்தித் தந்த கதை அதைவிட மோசம். ஒருவழியாகக் கையில் தந்தபோது பெரிய சாடிக்கு வேறு ஏதோ கிரைண்டரின் மூடி, பொருந்தவே இல்லை. அடியில் ஒரு ஆணி இல்லை. மேசையில் வைத்தால் ஒரு பக்கம் ஆடியது. அன்றிரவு தோசைக்கு ஊறப்போட்ட உழுந்தைப் போட்டு ஓடவிட்டோம். அதே கருகல் மணம், அதே சிவப்புப் பொத்தான். அது அப்பாவின் திவசத்துக்கு முதல் நாள். வடைக்கு ஊறிய உழுந்தும் அப்படியே கிடந்து புளித்து, குப்பைக்குத்தான் போனது. வருடத்தில் ஒரு நாள் வருகிற காரியம், ஐயா. கடையில் வாங்கிய வடையை வைத்துப் படைத்தோம். எங்கள் வீட்டில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

பிளக்கைப் பற்றி எழுத மறந்துவிட்டேன், இதுதான் எல்லாவற்றிலும் பயங்கரம். கிரைண்டரின் வயரில் இருந்தது இந்திய உருண்டைப் பின் பிளக். அதோடு ஒரு வெள்ளை மாற்றியை, அடப்டரை, பெட்டிக்குள் போட்டுத் தந்தீர்கள். அந்த மாற்றி சுவரில் ஒழுங்காக நிற்காது, கையை எடுத்தால் ஆடும். அரைத்து முடித்துத் தொட்டால் சுடும். பின் போகிற ஓட்டையைச் சுற்றிப் பிளாஸ்டிக் மண்ணிறமாகிவிட்டது. எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் மின்வேலை செய்கிற தம்பி ஒருவர் அதைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஃபியூஸ் இல்லை. இந்த நாட்டுப் பிளக்குக்குள் ஃபியூஸ் இருப்பது வயர் சூடாகி நெருப்புப் பிடிக்காமல் இருப்பதற்குத்தான். பி.எஸ். 1363 என்ற பிரித்தானியத் தரத்துப் பிளக்கைப் பூட்டித்தான் வீட்டு மின்சாதனங்களை விற்கவேண்டும் என்று 1994ஆம் ஆண்டே சட்டவிதி வந்துவிட்டது. இவ்வளவு காலம் கடை நடத்துகிற உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. அம்மா பகலில் வீட்டில் தனிய இருக்கிறவ. நெருப்புப் பிடித்திருந்தால் இந்தக் கடிதம் எழுத எனக்கு வீடே இருந்திருக்காது. அதே கிரைண்டர் அதே மாற்றியோடு இன்னும் எத்தனை தமிழ் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறதோ?

நான் உங்களை வெறுத்து எழுதவில்லை. நாங்கள் இலண்டனுக்கு வந்த புதிதில் வாளி, கொப்பி, பிள்ளைகளின் சொக்லேட் எல்லாம் வூல்வர்த்ஸ் என்ற பெரிய கடையில்தான் வாங்கினோம். 1909இல் லிவர்பூலில் முதல் கடை திறந்தவர்கள், 2009 சனவரியில் கடைசிக் கடையையும் பூட்டினார்கள். 2016இல் பி.எச்.எஸ். என்ற பெரிய கடை போனது. 2023இல் வீட்டுச் சாமான் விற்ற வில்கோவும் போனது. ஹை ஸ்ட்ரீட் கடைத்தெரு என்றாலே பூட்டிய கடைகள் என்று ஆகிவிட்ட காலத்திலும் உங்கள் கடை நிற்கிறது என்றால், அது எங்களைப் போன்ற சனத்தால். இடியப்ப உரலும் புட்டுக்குழலும் அந்தப் பெரிய கடைகளில் இல்லை, உங்களிடம் இருந்தது. பழைய முதலாளி ஐயா கல்லாவில் இருந்த காலத்தில், குக்கர் வாஷர் பொருந்தவில்லை என்று கொண்டுவந்தால், மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக மூடியில் வைத்து அழுத்திப் பார்த்து, சரியானதை எடுத்துத் தருவார். காசைப் பற்றி ஒரு கதையும் வராது. அந்த நம்பிக்கையில்தான் இணையத்தில் மலிவாகக் கிடக்கும் கிரைண்டரை விட்டுவிட்டு உங்களிடம் வாங்கினேன்.

ஆகவே, மரியாதையோடு கேட்கிறேன். ஒருமுறை திருத்தியும் சரிவராத பொருளை மறுத்துப் பணத்தைக் கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறது. வாங்கி 6 மாதம் ஆகவில்லை என்பதால், பழுது விற்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கவேண்டியது நீங்கள். பாவித்ததற்கு என்று ஒரு பென்ஸ்கூடக் கழிக்க முடியாது. 129 பவுணையும் அதே கடனட்டைக்கே திருப்பிப் போடுங்கள். கடைக்கு மட்டும் செல்லுபடியாகும் கிரெடிட் நோட் எனக்கு வேண்டாம், அதை வாங்கி உங்கள் கடையில் நான் எதை வாங்குவது? அந்தச் சனிக்கிழமை நான் இழந்த சம்பளத்தையும் தரவேண்டும். அம்மாவிடம் முகாமையாளர் தானே தொலைபேசி எடுத்து மன்னிப்புக் கேட்கவேண்டும். அந்த மாற்றியோடு விற்ற கிரைண்டர்களை வாங்கிய எல்லோருக்கும் அறிவித்தல் கொடுக்கவேண்டும். இந்தக் கடைசி விடயத்தில் எனக்கு ஒரு சதமும் வரப்போவதில்லை, ஆனாலும் விடமாட்டேன்.

இந்தக் கடிதம் கிடைத்து 14 நாளுக்குள் பதில் வரவில்லை என்றால் முதலில் என் கடனட்டை வங்கிக்குப் போவேன். 100 பவுணுக்கு மேல், 30,000 பவுண் வரை விலையுள்ள பொருளைக் கடனட்டையில் வாங்கினால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி வங்கியும் உங்களோடு சேர்ந்து பொறுப்பு. பிளக் விடயத்தை, மக்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஊடாக, கடைகளைச் சோதிக்கிற ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் அதிகாரிகளுக்குக் கொடுப்பேன். அவர்கள் கடைக்கு வந்தால் ஒரு கிரைண்டரோடு நிற்கமாட்டார்கள், அலுமாரி முழுக்கப் பார்ப்பார்கள். அதற்கும் அசையாவிட்டால் சிறுகோரிக்கை நீதிமன்றம். 10,000 பவுண் வரையான வழக்குக்கு அங்கே வக்கீல் தேவையில்லை, நானே நின்று கதைப்பேன். இதெல்லாம் நடக்கக்கூடாது என்பதுதான் என் விருப்பம். எங்கள் ஆட்களின் கடையை எங்கள் ஆட்களே கோட்டுக்கு இழுப்பது எனக்கும் சந்தோசம் இல்லை.

கிரைண்டர், மூன்று சாடி, மாறி வந்த மூடி, சூட்டில் நிறம் மாறிய மாற்றி எல்லாம் அதே பெட்டிக்குள் கட்டி வைத்திருக்கிறேன், படங்களும் எடுத்து வைத்திருக்கிறேன். நான் இனி அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறமாட்டேன். பணம் வந்தபிறகு, வேலை நாட்களில் பின்னேரம் 6 மணிக்குப் பிறகு ஆளை அனுப்பினால் எழுத்தில் ஒப்பம் வாங்கிக்கொண்டு கொடுப்பேன். அனுப்புகிற ஆள் அந்தப் பெடியனாக இருக்கவேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாடிக்கையாளர்