அட்டை யாருக்கு என்று முதலில் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுவர் பக்கங்களில் வரும் கைவேலைக் குறிப்புகள் 'தேவையான பொருட்கள்' என்று தொடங்கி, 'அழகான வாழ்த்து அட்டை தயார்' என்று முடிந்துவிடுகின்றன. அது யார் கைக்குப் போகப்போகிறது என்று ஒரு வரிகூட இருப்பதில்லை. பேரப்பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து வெட்டி ஒட்டும் தாத்தா பாட்டிகளுக்கு அந்த வரிதான் முக்கியம். யாருக்கு என்று முடிவாகிவிட்டால் எழுத்தின் அளவு, நிறம், உறையை மூடும் விதம் எல்லாவற்றையும் அவரை நினைத்துத்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கும். பிறரிடம் கனிவாக இருப்பது பற்றிய பேச்சு அங்கேயே தொடங்கிவிடுகிறது. "எல்லோரிடமும் அன்பாக இருக்கணும்" என்று வாய்ப்பாடு மாதிரிச் சொன்னால் எந்தப் பிள்ளையும் தலையாட்டிவிட்டு எழுந்து போய்விடும்.

பெறுபவர் பிள்ளைக்குத் தெரிந்த ஒரே ஒருவராக இருக்கட்டும். 'கஷ்டப்படுகிறவர்களுக்கு' என்று பொதுவாகச் சொன்னால் ஆறு வயதுக்குப் பிடி கிடைக்காது. கையில் மாவுக்கட்டுப் போட்டிருக்கும் வகுப்புத் தோழன், பார்வை மங்கிய பெரியம்மா, புதிதாகச் சேர்ந்து யாரோடும் பேசாமல் இருக்கும் பிள்ளை என்று ஒரு முகம் வேண்டும்.

திறந்தால் உள்ளேயிருந்து படம் எழுந்து நிற்கும் அட்டையை எடுத்துக்கொள்வோம். 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) எடையுள்ள கெட்டியான ஏ4 அட்டை ஒன்று போதும். குறுக்கே பாதியாக வெட்டினால் 21 செ.மீ.க்கு 14.8 செ.மீ. அளவில் இரண்டு துண்டு கிடைக்கும். இரண்டையுமே செய்யுங்கள். செய்து முடித்ததும் "இதை நானே வச்சுக்கறேன்" என்று பிள்ளை கட்டிப் பிடித்துக்கொள்வது வழக்கம். அது சுயநலம் இல்லை, தன் கையால் செய்தது பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஒன்று தனக்கு, ஒன்று அவருக்கு என்று முதலிலேயே பேசிவிட்டால் கடைசியில் அழுகை இருக்காது.

21 செ.மீ. பக்கத்தின் நடுவில், அதாவது 10.5 செ.மீ.யில் மடிப்பு வரும். அப்படியே மடித்தால் கெட்டி அட்டை வெடித்து வெள்ளை நார் தெரியும். ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் இரண்டு முறை அழுத்திக் கோடு போட்டுவிட்டு மடிக்க வேண்டும். அப்போதும் வெடித்தால் அட்டையின் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே மடிக்கிறீர்கள். வெட்டுமுன் அட்டையை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் லேசாக வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் எளிதாக வளைகிறது என்று கைக்கே தெரியும். மடிப்பு அந்த வாக்கில் வர வேண்டும்.

மடித்தபடியே வைத்து, மடிப்பின் நடுவில் 2 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு, ஒவ்வொன்றும் மடிப்பிலிருந்து 3 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். அட்டையைத் திறந்து அந்தப் பட்டையை உள்பக்கமாகத் தள்ளினால் சின்னப் பெட்டி போல எழும். பெட்டியின் முன்முகத்தில், அடிப்பகுதி கீழ்ப்பக்கத்தைத் தொடும்படி படத்தை ஒட்ட வேண்டும். படத்தின் உயரம் 7 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. வெட்டின் நீளம் 3, படம் 7, மொத்தம் 10. பக்கமோ 10.5 செ.மீ. படத்தை 8 செ.மீ.க்கு வரைந்துவிட்டால் அட்டையை மூடும்போது தலை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பெரும்பாலான அட்டைகள் கெட்டுப்போவது இந்த ஒரு கணக்கில்தான். பசை பெட்டியின் முன்முகத்தில் மட்டும் இருக்கட்டும், கீழே வழிந்தால் அட்டை திறக்காமல் ஒட்டிக்கொள்ளும். தண்ணீராக இருக்கும் வெள்ளைப் பசையில் காகித நார் ஈரம் குடித்து உப்பிச் சுருளும் என்பதால் குளூ ஸ்டிக் மேல். ஒட்டிய பிறகு ஒரு மணி நேரம் கனமான புத்தகத்தின் அடியில் வையுங்கள்.

இனி பேச்சு. பிள்ளை வண்ணம் தீட்டும் நேரம்தான் அதற்கு வசதி. கண் காகிதத்தில் இருக்கும், யாரும் முகத்தைப் பார்த்து விசாரிப்பதாகத் தோன்றாது. கேள்வி சின்னதாக, வேலையை ஒட்டியதாக இருக்கட்டும். மாவுக்கட்டுப் போட்ட தோழனுக்கு என்றால், "அவன் எந்தக் கையால இதைத் திறப்பான்?" பிள்ளை பென்சிலை வைத்துவிட்டுத் தன் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு உறையைத் திறந்து பார்க்கும். ஒட்டிய உறை ஒரு கையால் திறக்காது. மூடியைச் செருகிவிட்டால் போதும் என்றும், விளிம்பில் கட்டைவிரல் நுழைய 2 செ.மீ. அகலத்தில் அரைவட்டம் வெட்டினால் இன்னும் எளிது என்றும் அதுவே கண்டுபிடிக்கட்டும். நாம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அந்த இடம் வீணாகிவிடும்.

பார்வை மங்கியவருக்கு என்றால் வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள் அட்டையில் கறுப்பு ஸ்கெட்ச் பேனா, எழுத்து 1.5 செ.மீ. உயரம். ஜிகினாப் பேனா வேண்டாம், மினுமினுப்பு கண்ணைக் கூசும். இந்த அளவில் எழுதினால் ஒரு பக்கத்துக்கு நாலைந்து சொல்தான் அடங்கும். எதைச் சொல்வது என்று யோசிக்க வேண்டிவரும். 'நீங்கள் நல்லவர்' என்பது யாருக்கும் எழுதலாம். 'அன்னிக்குக் குடை கொடுத்தீங்க' என்பது அவருக்கு மட்டும்தான். எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும். பெயரில் மட்டும் பிழை கூடாது, அதைக் கேட்டுத் திருத்தச் சொல்லுங்கள்.

இடது கைப் பழக்கமுள்ள பிள்ளையிடம் வலது கைக் கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டு "ஒழுங்கா வெட்டு" என்பது அநியாயம். இடது கையில் பிடிக்கும்போது மேல் அலகு கோட்டை மறைக்கும், விரல் அழுத்தம் இரண்டு அலகையும் விலக்கிவிடும். காகிதம் வெட்டுப்படாமல் மடங்கும். இடது கைக் கத்தரிக்கோல் என்றே தனியாகக் கிடைக்கிறது. இரண்டு பேரப்பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கொரு கத்தரிக்கோல் வேண்டும். பகிர்ந்துகொள்ளப் பழகட்டும் என்று ஒன்றை மட்டும் வைப்பவர்கள் உண்டு. நாலு வயதில் அது சண்டையைத்தான் பழக்கும். பசையையும் வண்ணத்தையும் பொதுவில் வையுங்கள், போதும். மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை பக்கத்தில் தவழ்ந்தால் பட்டன், மணி, கோலிக்குண்டு எதுவும் தரையில் இருக்கக் கூடாது. டாய்லெட் பேப்பர் சுருளின் அட்டைக் குழாய்க்குள் நுழைகிற எதுவும் தொண்டையில் சிக்கலாம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

பெரியவர்கள் செய்யும் ஒரு காரியத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பிள்ளை தூங்கிய பிறகு கோணல் ஓரத்தை நேராக்குவது, வழிந்த பசையைச் சுரண்டுவது. காலையில் பிள்ளை கண்டுபிடித்துவிடும். தான் செய்தது கொடுக்கத் தகுதியில்லாதது என்றுதான் அதற்குப் புரியும். கை துறுதுறுத்தால் நீங்களும் தனியாக ஒன்று செய்யுங்கள்.

கொடுத்துவிட்டு வந்தால் பரிசு என்ற பேரமும் வேண்டாம். ஃபெலிக்ஸ் வார்னக்கன், மைக்கேல் டொமசெல்லோ என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், உதவியதற்குப் பொருள் பரிசாகப் பெற்ற 20 மாதக் குழந்தைகள் அதன்பிறகு உதவ முன்வந்தது குறைந்தது. வெறும் பாராட்டுப் பெற்ற குழந்தைகளும் எதுவும் பெறாத குழந்தைகளும் அவர்களைவிட அதிகமாக உதவினார்கள். இன்னொன்று: அட்டையை வாங்கியவர் ஒன்றும் சொல்லாமல் மேசையில் வைத்துவிடவும் கூடும். வலியில் இருக்கலாம், கூச்சமாக இருக்கலாம். புறப்படுமுன்பே பிள்ளையிடம் இதைச் சொல்லிவைத்தால் வாசலில் முகம் வாடாது.

சிறுவர் பக்கத்தின் பொறுப்பாளர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இரண்டு. கைவேலைக் குறிப்பின் தலைப்புக்குக் கீழே 'இது யாருக்கு?' என்று ஒரு காலிக் கோடு விடுங்கள். செய்முறையில் எந்த அளவைத் தாண்டக் கூடாது என்பதையும் சேர்த்து, தாத்தா பாட்டிகள் கண்ணாடி தேடாமல் படிக்கும்படி பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
சிறுவர்களுக்குக் கைவேலை கற்றுத்தரும் வாசகர்கள் இருவர்