பழைய ஓட்டுக்கட்டடப் பள்ளியை இடிக்காமல் நூலகமாக்க வேண்டி மனு

அனுப்புநர்:
முன்னாள் மாணவர்கள், ஊர்ப் பொதுமக்கள்,
கோபிசெட்டிபாளையம் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
ஈரோடு.

பொருள்: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் பழைய கட்டடத்தை இடிப்பதை நிறுத்திவைத்து ஆய்வு செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊர்ப் பள்ளி வளாகத்தில் உள்ள ஓட்டுக்கட்டடம் பழுதடைந்த கட்டடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டு, விரைவில் இடிக்கப்படும் என்று அறிகிறோம். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன்பின் அரசு காட்டும் கண்டிப்பு முற்றிலும் நியாயம். ஆனால் இந்தக் கட்டடத்தில் எது கெட்டது, ஏன் கெட்டது என்று பார்க்காமலே முடிவெடுத்துவிட்டார்கள் என்பதுதான் எங்கள் ஆதங்கம்.

ஈரோடு கோவை மாவட்டத்தோடு இருந்த காலத்தில் ஜில்லா போர்டு கட்டிய பள்ளி இது. 1956இல் மதிய உணவுத் திட்டம் வந்தபோது, வீட்டுக்கு வீடு கொடுத்த ராகியும் கம்பும் இதன் முன்கூடத்தில்தான் குவிந்தன என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1982இல் சத்துணவு வந்ததும் கிழக்கு அறை சமையலறையானது. தேக்கு விட்டத்தில் அந்தப் புகைக்கரி இன்னும் படிந்திருக்கிறது. புதிய கட்டடம் வந்தபின் கொஞ்ச காலம் ரேஷன் கடை, தேர்தலுக்குத் தேர்தல் வாக்குச்சாவடி. இப்போது உடைந்த பெஞ்சுகள் கிடக்கின்றன.

கெட்டிருப்பது மேற்குச் சுவர் மட்டுமே. சில ஆண்டுகளுக்கு முன் அதன்மேல் சிமென்ட் பூசினார்கள். சுண்ணாம்புக் காரைச் சுவர் உறிஞ்சிய ஈரத்தைத் தானே வெளியே விட்டுவிடும். சிமென்ட் பூச்சு அதை உள்ளேயே அடைத்து வைத்தது. இன்று அந்தச் சுவரை விரலால் சுரண்டினாலே காரை மாவாக உதிர்கிறது. சிமென்ட் படாத மூன்று சுவர்களிலும் ஒரு வெடிப்புகூட இல்லை. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் வைத்தியம் பார்ப்போமே தவிர வீட்டையா இடிப்போம்?

ஆகவே சுண்ணாம்புக் கட்டுமானம் அறிந்த பொறியாளர் ஒருவரை அனுப்பி ஆய்வு செய்யவும், அதுவரை பிள்ளைகள் நெருங்காதபடி வேலி போட்டு இடிப்பை நிறுத்திவைக்கவும் பணிவுடன் வேண்டுகிறோம். கட்டடம் தாங்கும் என்று தெரிந்தால் ஊர்ப்புற நூலகமாக்கித் தாருங்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் எங்கள் பிள்ளைகள் இப்போது பஸ் ஏறிக் கோபிக்குப் போகிறார்கள். ‘நமக்கு நாமே’ திட்டத்தில் ஊர்ப் பங்குத் தொகையைச் செலுத்த நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
முன்னாள் மாணவர்கள், ஊர்ப் பொதுமக்கள்

இணைப்பு: கையெழுத்துப் படிவம், நான்கு சுவர்களின் புகைப்படங்கள்