தொட்டிலை ஆட்டியவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேசிய அறிவியல் நாளையொட்டித் தங்கள் இதழில் வெளியான பெண் விஞ்ஞானிகள் பற்றிய கட்டுரையை முதலில் படித்தவர் என் அம்மா. அட்டையிலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரு வரி விடாமல் படிப்பவர் அவர். படித்து முடித்ததும் எதுவும் சொல்லாமல் இதழை மடித்து என்னிடம் நீட்டினார். "நேரத்தைத் திட்டமிடத் தெரிந்த பெண்ணுக்கு வீடும் ஆய்வுக்கூடமும் இரு கண்கள், தொட்டிலை ஆட்டிக்கொண்டே ரேடியத்தைக் கண்டவர் மேரி கியூரி" என்ற கடைசி வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

அந்தத் தொட்டிலை ஆட்டியவர் பெரும்பாலும் வேறொருவர் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 1897 செப்டம்பரில் மூத்த மகள் ஐரீன் பிறந்ததை ஒட்டி, மேரியின் கணவர் பியரி கியூரியின் தாயார் காலமானார். அதன்பின் பியரியின் தந்தையார், மருத்துவரான யூஜீன் கியூரி, மகன் வீட்டோடு வந்து சேர்ந்தார். 1898 டிசம்பரில் ரேடியம் அறிவிக்கப்பட்டபோதும், 1906-ல் பியரி வண்டிச் சக்கரத்தில் சிக்கி இறந்து மேரி தனித்து நின்றபோதும், அந்த வீட்டில் குழந்தைகளோடு இருந்தவர் அவர்தான். 1910-ல் தம் இறுதிவரை அவர் செய்த காரியத்துக்குத் தங்கள் கட்டுரையில் ஒரு சொல்கூட இடமில்லாமற்போனது.

நான் சென்னையில் பழ ஈக்களை வைத்து ஆய்வு செய்கிறேன். தேர்ந்தெடுத்த ஆண் ஈயையும் பெண் ஈயையும் இணைசேர்க்கும் ஒரு கலப்புச் சோதனையைத் தொடங்க, இன்னும் இணைசேராத பெண் ஈக்கள் வேண்டும். 25 டிகிரியில் வளரும் ஈ, கூட்டிலிருந்து வெளிவந்து எட்டு மணி நேரம் கடந்துவிட்டால் அதைக் கன்னி ஈ என்று நம்பமுடியாது. ஆகவே காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை என்று புட்டிகளைக் காலிசெய்து, புதிதாக வந்தவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். இரவில் புட்டிகளை 18 டிகிரிக்கு மாற்றினால் அந்த அவகாசம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பதால்தான் எங்களால் வீட்டுக்குப் போய் உறங்க முடிகிறது. முட்டையிலிருந்து பத்தாம் நாள், அது ஞாயிறோ பொங்கலோ, ஈ வெளிவந்துவிடும். எங்கள் சமையலறை நாட்காட்டியில் அந்தப் பத்தாம் நாளும் மகளின் தடுப்பூசி நாளும் அருகருகே குறிக்கப்பட்டிருந்தன. என் தங்கையின் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றிய நேரத்தில் நான் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். திட்டமிடத் தெரியாமல் நடந்ததல்ல அது, திட்டப்படியே நடந்தது.

மகளுக்கு ஒரு வயதிருக்கும்போது ஓர் இரவு, கார்பன் டை ஆக்சைடில் மயங்கிக் கிடந்த ஈக்களை நுண்ணோக்கியின் கீழே தூரிகை நுனியால் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பிறந்த ஈயின் உடல் வெளிறியிருக்கும். வயிற்றுத் தோலின் உள்ளே கருமையாக ஒரு புள்ளி தெரியும். ஒவ்வொரு பெண் ஈயிலும் அந்தப் புள்ளியைத் தேட வேண்டும். வாயுவை நிறுத்தினால் ஈக்கள் எழுந்துவிடும், நீட்டித்தால் அவற்றுக்குக் கேடு. மேசைமேல் கைபேசி அதிர்ந்தது. குழந்தைக்கு 102 டிகிரி காய்ச்சல் என்றார் அம்மா. நான் பதில் சொல்லத் தொடங்குமுன்பே, "நீ வேலையை முடி, நான் ஆட்டோவில் கூட்டிப்போகிறேன்" என்று வைத்துவிட்டார். கும்பகோணத்தில் தம் வீட்டைப் பூட்டிவிட்டு, முழங்கால் வலியோடு மூன்றாம் மாடிக்கு ஏறி இறங்கி, ஆறு ஆண்டுகள் என்னோடு இருந்தவர் அவர். என் முனைவர் பட்டத்தில் அவர் பெயர் இல்லை.

சட்டம் ஒன்றும் இல்லாமல் இல்லை. 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும், தாய் நாளுக்கு நான்கு முறை சென்று பார்க்கலாம் என்றும் சொன்னது. அதை எழுதி எடுத்துக்கொண்டு நான் பயின்ற நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனேன். உதவித்தொகை பெறுபவர் ஊழியர் ஆகமாட்டார் என்றார்கள்; இதுவரை கேட்டவர் நீங்கள் ஒருவர்தான் என்றும் சொன்னார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2016-ல் ஆய்வு மாணவிகளுக்கு அனுமதித்த 240 நாள் விடுப்பில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டேன். ஆனால் ஈ வகைகளைச் சில வாரங்களுக்கொருமுறை புதிய உணவுப் புட்டிக்கு மாற்றாவிட்டால் அவை அழிந்துபோகும். அந்த மாதங்களில் இளைய ஆய்வாளர் ஒருவர்தான் தம் வேலையோடு என் வேலையையும் சுமந்தார். உண்ணி தொற்றி நான்கு ஈ வகைகள் அழிந்துபோயின. அவரை நான் ஒருநாளும் குறைசொன்னதில்லை.

இளநிலை ஆய்வு உதவித்தொகை அப்போது மாதம் 25,000 ரூபாய். 2023 முதல் 37,000. உயர்வு நல்லதுதான். ஆனால் எனக்கு ஐந்து மாதம் அது வராமலே போன ஓர் ஆண்டில் வீட்டு வாடகையைக் கட்டியது அம்மாவின் ஓய்வூதியம். பின்னர் ஒரு வேலைக்கான நேர்காணலில், குழந்தை சின்னதாயிற்றே, எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டார்கள். அதே வயதில் மகன் உள்ள என் நண்பரும் அன்று வந்திருந்தார். அவரிடம் அது கேட்கப்படவில்லை. தங்கள் கட்டுரையாளரும் தாம் பேட்டி கண்ட மூன்று பெண்களிடமும் வீட்டில் என்ன சமைப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். ஆய்வுக்கூடத்துக்குப் போகும் நேரத்தில் குழந்தை யாரிடம் இருக்கிறது என்று ஒருவரிடமாவது கேட்டிருந்தால், மேரி கியூரியைப் பற்றிய அந்த வரியை அவர் வேறுவிதமாக எழுதியிருப்பார் என்றே நம்புகிறேன்.

அடுத்த இதழில், ஐரீனையும் இளைய மகள் ஏவையும் வளர்த்தவர் அவர்களுடைய தாத்தா யூஜீன் கியூரி என்று இரண்டு வரியில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். அதைப் பிழைதிருத்தம் என்று கடைசிப் பக்கத்தின் மூலையில் இடாமல், அதே அறிவியல் பகுதியில் வெளியிட்டால் நன்றியுடையவளாவேன்.

இங்ஙனம்,
ஓர் ஆய்வாளர்,
சென்னை