மூடுபனி இருந்தால் ஏறாதே

அன்புள்ள கயலுக்கு,

வியட்நாம் போரில் விழுந்த அமெரிக்க விமானத்தின் ஆட்களைத் தேடி அங்கே மலையில் தோண்டுகிறவள், "ஒன்பது கட்டம் முடிந்தது, ஒன்றும் இல்லை" என்று எழுதினாய். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. மழைக்கு முன்னால் வேலை நெருக்கும், தெரியும். ஆனால் "ஒன்றும் இல்லை" என்று எழுதுகிறவள் இல்லையே நீ. எலும்பு இல்லையா, உலோகமும் இல்லையா, இல்லை சல்லடையில் நிற்கவில்லையா? மூன்றும் வேறு வேறு சேதி.

முதலில் சல்லடையைப் பார். கால் அங்குலக் கண், அதாவது ஆறு மில்லிமீட்டர், சரிதான். ஆனால் ஈரக் களிமண்ணை அப்படியே தேய்த்தால் உருண்டை உருண்டையாக நின்றுகொள்ளும். களைத்த கை அதைக் கல் என்று நினைத்துத் தள்ளிவிடும். பல் அந்த உருண்டைக்குள் இருந்துவிட்டால் போச்சு. தண்ணீர் அடித்தே கரைக்க வேண்டும். குழாயை நேராகப் பிடிக்காமல் சாய்த்துப் பிடி. ஒவ்வொரு வாளியிலும் கட்டத்தின் எண், அடுக்கின் எண் எழுதிய சீட்டு இருக்கட்டும். சீட்டு இல்லாத வாளி எந்தக் கட்டத்துக்கும் சொந்தமில்லை.

நாலு மீட்டர் சதுரக் கட்டங்களைப் பள்ளத்தைச் சுற்றியே போட்டிருப்பாய் என்று நினைக்கிறேன். விமானம் குத்தி நின்ற பள்ளத்தைப் பழைய இரும்பு, அலுமினியம் பொறுக்குகிறவர்கள் எப்போதோ தோண்டியிருப்பார்கள். அவர்கள் வாரிப்போட்ட மண் எங்கே கிடக்கிறது என்று பார்த்தாயா? பெரும்பாலும் சரிவின் கீழ்ப்பக்கத்தில்தான் கிடக்கும். போதாததற்கு ஐம்பது வருஷத்து மழையும் எல்லாவற்றையும் கீழே இழுத்திருக்கிறது. பள்ளம் வெறுமையாக இருந்தால் கீழே இரண்டு கட்டம் நீட்டு. கலையாத மண் தெரியும்வரை ஒரு கட்டத்தையும் மூடாதே.

அந்த மண் அமிலம். எலும்பைத் தின்றுவிடும், பல்லின் மேலோடுதான் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். உருகிக் கெட்டியான அலுமினியம் எரிந்த எலும்பு மாதிரியே இருக்கும். நாக்கில் வைத்துப் பார்க்கிற பழைய வித்தை வேண்டவே வேண்டாம், டிஎன்ஏ கெட்டுவிடும். கையுறையோடு எடு, சந்தேகம் என்றால் வைத்துக்கொள், முடிவை ஆய்வகம் சொல்லட்டும். ஈரமாகக் கிடைத்ததை வெயிலில் காயப்போடாதே, வெடிக்கும். நெகிழிப் பையில் இறுக்கிக் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். நிழலில் மெல்ல உலரட்டும்.

இன்னொன்று. அடுத்த இடத்துக்குப் பாதை இல்லை, ஹெலிகாப்டரில்தான் போக வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னாயாம். என்னிடம் சொல்லவில்லை. 2001 ஏப்ரல் 7ஆம் தேதி வியட்நாமின் குவாங் பின் மாகாணத்தில் என்ன நடந்தது என்று உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. காணாமல் போனவர்களைத் தேடும் பணிக்குப் போனவர்கள்தான் அவர்களும். மூடுபனி, மலை, ஒரு எம்ஐ-17 ஹெலிகாப்டர். அமெரிக்கர்கள் ஏழு பேர், வியட்நாமியர்கள் ஒன்பது பேர், பதினாறு பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. இதற்குமேல் எழுதப் போவதில்லை. மலை முகடு தெரியவில்லை என்றால் ஏறாதே, அவ்வளவுதான். ஒரு நாள் போனால் போகட்டும்.

விமானம் எஃப்-4 போர் விமானம் என்கிறாய். இருக்கை இரண்டு. அங்கேதான் ஆள் கணக்கில் தவறுவார்கள். பாராசூட் வார்ப்பட்டைக் கொக்கிகள் பூட்டியபடியே பள்ளத்தில் கிடைத்தால், ஒருவராவது வெளியே குதிக்கவில்லை என்று யோசிக்கலாம். ஆனால் இரண்டு பேர் என்று சொல்ல வேண்டுமானால் ஒரே பொருள் இரண்டு வேண்டும்: இடது காலணியின் அடிப்பாகம் இரண்டு, அல்லது ஒரே பல் இரண்டு. இரண்டு கொக்கி கிடைத்தது, எனவே இரண்டு ஆள் என்று எழுதினால் நானே உன் அறிக்கையில் சிவப்பு மையால் அடிப்பேன். எண் பொறித்த தகடு கிடைத்தால் கறையைச் சுரண்டாதே. அப்படியே படம் எடு. விமானத்தை உறுதிசெய்வது அந்த எண்தான். உள்ளே யார் இருந்தார்கள் என்பதை அது சொல்லாது.

உன் மண் அடுக்குப் படங்கள் அருமையாக இருந்தன. நான் வரைந்ததைவிட நன்றாக இருந்தன, வைத்துக்கொள். ஆனால் படம் அனுப்பத் தெரிந்தவளுக்கு ஒரு வரி எழுதவா தெரியாது? அப்பா ராத்திரி எழுந்து தொலைபேசியைப் பார்ப்பதை நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன்.

காணாமல் போனவர்களின் குடும்பத்தார் ஆவலோடு காத்திருப்பது உன்னை அழுத்துகிறது என்று நினைக்கிறேன். அமெரிக்கத் தரப்பில் 1973இல் கணக்கில் வராதவர்கள் 2,646 பேர். இன்று 1,600க்கும் குறைவு. பக்கத்தில் வாளி தூக்குகிற உன் வியட்நாமியச் சகாக்களோ தங்கள் தரப்பில் ஏறத்தாழ 2 லட்சம் பேரைத் தேடுகிறார்கள். அவர்கள் முன்னால் ஏமாற்றத்தைக் காட்டிக்கொள்ளாதே.

எப்படியாவது ஒரு பெயர் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றும்போது மைக்கேல் பிளாசியை நினை. 1972 மே மாதம் தெற்கு வியட்நாமின் ஆன் லோக் அருகே விழுந்த அமெரிக்க விமானி. கிடைத்தது நாலு விலா எலும்பு, ஒரு மேல்கை எலும்பு, இடுப்பெலும்புத் துண்டு. கூடவே அடையாள அட்டையும் கிடைத்து, வழியில் தொலைந்துபோனது. பிறகு ஆய்வகம் எலும்பை வைத்துப் போட்ட உயரக் கணக்கும் வயதுக் கணக்கும் அவருக்குப் பொருந்தவில்லை என்று பெயரை எடுத்துவிட்டு எக்ஸ்-26 என்று எண் கொடுத்தார்கள். 1984இல் அமெரிக்காவின் ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் பெயரற்ற வீரராகப் புதைத்தார்கள். 1998இல் திறந்து, தாயின் ரத்தத்தோடும் சகோதரியின் ரத்தத்தோடும் ஒப்பிட்ட பிறகுதான் அவர் வீடு திரும்பினார். நாலைந்து எலும்பை வைத்து உயரத்தை அடித்துச் சொல்லலாம் என்று நம்பினால் இப்படித்தான் ஆகும். உயரமோ வயதோ, இத்தனையிலிருந்து இத்தனைவரை என்று இடைவெளியை அகலமாக எழுது. கூசாதே. தோண்டிய நீ ஆய்வு மேசைக்குப் போகக் கூடாது என்ற விதியும் இதற்காகத்தான்; யாரைத் தேடுகிறோம் என்று தெரிந்த கண் அவரையேதான் பார்க்கும்.

மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ஒத்துப்போனாலும் "விலக்க முடியாது" என்பதற்குமேல் தனியாக எதுவும் சொல்லாது. அதே வகை எத்தனையோ பேரிடம் இருக்கும். தாய்வழிதான் போகும். காணாமல் போன ஆணின் பிள்ளைகளின் மாதிரி உதவாது, அவர் சகோதரியின் பிள்ளைகள் உதவுவார்கள். உன்னிடம் இருப்பது என்னுடையது, அண்ணனிடம் இருப்பதும் என்னுடையது, அவன் குழந்தைகளிடம் இல்லை. ஆக, உனக்காக யாராவது கன்னத்தில் பஞ்சுக் குச்சி தேய்க்க வேண்டி வந்தால் அது நான்தான். அதற்கு நான் தயாராக இல்லை, கயல். மூடுபனி இருந்தால் ஏறாதே.

சாட்சி சொல்ல வரும் முதியவர்களைத் தனித்தனியாகக் கேள். "அமெரிக்க விமானியைப் பார்த்தீர்களா" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "எந்தப் போக அறுவடை, புகை எந்தப் பக்கம், யார் முதலில் போனது" என்று கேள். மூன்று பேர் சொல்வதும் ஒரே மாதிரி இருந்தால் இன்னும் கவனமாக இரு, முந்தின இரவு பேசிக்கொண்டிருப்பார்கள்.

பல் ஏதும் கிடைத்தால் டோவரில் இருக்கும் டிஎன்ஏ ஆய்வகத்துக்குப் போவதற்கு முன் இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே எடுக்கச் சொல். டிஎன்ஏவுக்கு அரைத்துவிட்ட பிறகு பல் அடைப்பின் வடிவத்தைப் பழைய படத்தோடு ஒப்பிட வழியே இருக்காது.

அப்பாவுக்குத் தனியாக ஒரு வரி எழுது. எனக்கு வேண்டாம். எனக்குக் கட்டங்களின் வரைபடம் போதும், சரிவு எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டு அனுப்பு. அடுத்த இடத்துக்கு நடந்தே போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் அதன் ஓரத்தில் எழுது.

அம்மா