மீராவின் வேலை விஷயமாக

கொலோன்,
ஞாயிறு மாலை

அன்புள்ள சுந்தர்,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கு நிம்மதி. ஹாங்கருக்குத் திரும்ப அவசரப்படாதே. விமானத்தின் வயிற்றுக்கடியில் குனிந்தே நிற்கிற வேலை உன்னுடையது, அயர்லாந்தின் ஷானன் குளிர் வேறு. இங்கே எல்லோரும் சுகம். வசந்தி மொட்டைமாடியில் வெண்டை போட்டிருக்கிறாள், ஜெர்மன் வெயிலை நம்பி. நான் அதே ரோஸ்டர் மேஜையில்தான் இருக்கிறேன். யாருக்கு எந்த விமானம், யாருக்கு எந்த நாள் லீவு என்று கட்டம் போட்டுக்கொண்டே தலை நரைத்துவிட்டது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மீராவுக்கு கேபின் க்ரூ வேலை வந்திருக்கிறது, ஸ்பெயினில் இருந்து பறக்க வேண்டும், ஒப்பந்தம் மட்டும் ஒரு ஏஜென்சியோடு. "ஐரோப்பா முழுக்க இப்போது ஒரே விதிதானே, எந்தக் கம்பெனியாக இருந்தால் என்ன?" என்று எழுதியிருக்கிறாய். பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் எஞ்சினியர் உலகத்தில் இந்த ஒற்றுமை சீக்கிரமே வந்துவிட்டது. ஏர்பஸ்ஸுக்கு இறக்கை பிரிட்டனில், மூக்கு பிரான்ஸில், வால் ஸ்பெயினில் செய்தால் ஒவ்வொரு நாட்டிடமும் தனித்தனியாகச் சான்று வாங்கி மாளாது. அதனால் 1970லேயே நாடுகளின் விமானத் துறைகள் கூடி ஜேஏஏ என்ற அமைப்பை ஆரம்பித்தன. அதற்குச் சட்ட அதிகாரம் கிடையாது. ஒன்றாக உட்கார்ந்து விதி எழுதுவார்கள், ஊருக்குப் போய் அவரவர் வேகத்தில் அமல்படுத்துவார்கள். ஆனாலும் வேலை நடந்தது, ஏனென்றால் விமானம் செய்கிறவனுக்கும் விற்கிறவனுக்கும் அது தேவைப்பட்டது.

க்ரூ எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்பதில்தான் யாருக்கும் அவசரம் இல்லை. ஜேஏஏ எழுதிய விமான இயக்க விதிகளில் 'க்யூ' என்று ஓர் அத்தியாயம் உண்டு, பணி நேரத்துக்கும் ஓய்வுக்கும் ஆனது. தலைப்பு இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. பிறகு எழுதப்படும் என்று காலியாகவே விட்டுவைத்தார்கள். 1991 டிசம்பரில் 3922 என்ற எண்ணில் ஐரோப்பியச் சமூகம் விதிகளை ஒன்றாக்கச் சட்டம் போட்டபோதும் இந்த ஓட்டை அடைபடவில்லை.

இதற்கிடையில் சந்தையைத் திறந்துவிட்டார்கள். 1993 ஜனவரியில் தொடங்கி, 1997 ஏப்ரலில் எந்த உறுப்பு நாட்டு விமான நிறுவனமும் இன்னொரு நாட்டின் உள்ளூர்ப் பாதைகளில்கூடப் பறக்கலாம் என்றாயிற்று. ஒரே பாதையில் இரண்டு கம்பெனிகள் போட்டி போடும், ஒன்றின் பைலட்டுக்கு ஒரு நாட்டு ஓய்வு விதி, மற்றவனுக்கு இன்னொன்று. குறைவாகத் தூங்கவிடுகிறவன் மலிவாகப் பறக்கலாம். பொது விதி 2006 கடைசியில்தான் நிறைவேறியது, அமலுக்கு வந்தது 2008 ஜூலை 16. கடையைத் திறந்து பதினைந்து வருஷம் கழித்து, கடைப்பையன் எப்போது தூங்குவான் என்று கேட்டார்கள்.

அதுவரை நாடுகள் சும்மா இருந்தன என்று நினைக்காதே. பிரிட்டனில் டக்ளஸ் பேடர் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். இரண்டு கால்களையும் இழந்த பிறகும் இரண்டாம் உலகப் போரில் போர்விமானம் ஓட்டினாரே, அவரேதான். 1973ல் அறிக்கை கொடுத்தார். அதிலிருந்து 1975ல் வந்த சிஏபி 371 என்ற சின்னப் புத்தகத்தைப் பிரிட்டிஷ் பைலட்டுகள் வேதம் மாதிரி வைத்திருந்தார்கள். களைப்பைத் தவிர்ப்பது எப்படி என்பதுதான் அதன் பொருளே. ஐரோப்பா முழுக்க ஒரே விதி என்று பேச்சு வந்தபோது அவர்கள் பதறியதற்கு நியாயம் இருந்தது. பலருக்கு ஏற்றமாக இருக்கிற சராசரி, மேலே இருப்பவனுக்கு இறக்கம்தானே.

2008 விதி அவர்களைப் பெரிதாகத் தொடவில்லை. ஸ்டாண்ட்பை (கூப்பிட்டால் வரத் தயாராக இருப்பது), நடுவில் இடைவேளை விட்டு நீட்டிக்கிற ட்யூட்டி போன்றவற்றை நாடுகள் கையிலேயே விட்டிருந்தார்கள். உண்மையான சண்டை அதற்கடுத்த விதிக்காக, இங்கே ரைன் கரையில் இருக்கிற இயாசா, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தின் விமானப் பாதுகாப்பு அமைப்பு, எழுதியபோது நடந்தது. 2008லேயே நிபுணர் குழு ஒன்று ஆய்ந்து, இரவுப் பணி பத்து மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்று சொல்லியிருந்தது. இயாசா பதினொன்று என்றது. பைலட் சங்கங்கள் கொதித்தன. 2013 செப்டம்பர் கடைசியில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் போக்குவரத்துக் குழு வேண்டாம் என்று ஓட்டுப் போட்டது. அக்டோபர் 9ஆம் தேதி முழு அவை அதைத் தாண்டி விதிக்கு வழிவிட்டது. 2016 பிப்ரவரி 18 முதல் என் மேஜையில் அதுதான் ஆட்சி.

அந்த அட்டவணையை ஒருநாள் உனக்குக் காட்ட வேண்டும். காலை ஆறு மணியிலிருந்து மதியம் ஒன்றரை வரை ரிப்போர்ட் செய்கிறவனுக்கு, ஒன்று இரண்டு செக்டர் (ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு செக்டர்) என்றால், பதின்மூன்று மணி நேரம் வரை ட்யூட்டி. அதன் பிறகு கால் மணி கால் மணியாகக் குறைந்து, மாலை ஐந்திலிருந்து விடிகாலை 4:59 வரை பதினொன்று. 5:00 ஆனதும் பன்னிரண்டு! ஒரே ஒரு நிமிஷத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதல். கானரித் தீவுகளுக்குப் போய்த் திரும்புகிற விமானம் பதினொன்றரை மணி நேரம் பிடிக்கும் என்று வை. 4:55க்கு வரச் சொன்னால் சட்டமீறல், ஐந்து மணிக்கு வரச் சொன்னால் ரோஸ்டர் பச்சை விளக்குக் காட்டும். இரண்டு நாளிலும் அதில் பறக்கிற பெண் எழுந்திருப்பது மூன்று மணிக்குத்தான். எந்த அட்டவணையிலும் எங்கோ ஒரு கோடு போட்டாக வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோடு எங்கே இருக்கிறதோ, அதை ஒட்டியே எங்கள் சாஃப்ட்வேர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உச்சவரம்பாக எழுதியது நடைமுறையில் இலக்காகிவிடுகிறது.

இன்னொரு வேடிக்கை. எல்லாவற்றையும் ஒன்றாக்கியவர்களால் தூக்கப் பழக்கத்தை ஒன்றாக்க முடியவில்லை. உடலைக் குலைக்கிற ட்யூட்டி எது என்று வரையறுக்கப் போனால், சீக்கிரம் படுத்துச் சீக்கிரம் எழுகிற ஊர்களும் உண்டு, ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட உட்காருகிற ஊர்களும் உண்டு. அதனால் 'முன்வகை', 'பின்வகை' என்று இரண்டு வைத்து, எது தனக்கென்று ஒவ்வொரு நாட்டு ஆணையமும் முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். எனக்கு இந்த விதியில் மிகவும் பிடித்த இடம் இதுதான். மற்ற எண்களெல்லாம் பேரம் பேசி வந்தவை, இது மட்டும் மனிதர்களைப் பார்த்து எழுதியது.

பத்தா பதினொன்றா என்ற கேள்விக்குப் பதில் 2019ல் வந்தது. இயாசாவே வெளியிட்ட ஆய்வில், இரவு ட்யூட்டியில் கடும் களைப்புக்கு நிறைய வாய்ப்பிருக்கிறது, அதுவும் பத்து மணி நேரத்துக்குக் குறைவான ட்யூட்டியிலும்கூட, மணிக்கணக்கு வரம்பு மட்டும் போதாது என்று இருந்தது. ஆக, இரண்டு தரப்பும் தவறான எண்ணுக்காக மல்லுக்கட்டியிருக்கின்றன என்றுகூடச் சொல்லலாம்.

இதெல்லாம் மீராவுக்கு எதற்கு என்று கேட்பாய். மணி நேர வரம்பு எங்கே போனாலும் அவளுக்கு ஒன்றுதான். வாரத்துக்கு 60 மணி ட்யூட்டி, 28 நாளில் 190, வருஷத்தில் 900 மணி பறத்தல். வீட்டு ஊரில் குறைந்தது 12 மணி ஓய்வு, வெளியூரில் 10. அதோடு, பறக்க முடியாத அளவு களைத்திருந்தால் பறக்கக்கூடாது என்பதும் விதி. அதைச் சொல்ல வேண்டியவள் அவள். சொன்னால் அன்றைய சம்பளம் போகுமா என்று விதியில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதுதான் நான் சொன்ன மீதிப் பாதி. பாதுகாப்பு விதியை ஒன்றாக்கினார்கள், வேலையை ஒன்றாக்கவில்லை. பறந்த மணிக்கு மட்டும் கூலி என்று கையெழுத்துப் போட்டவள் "இன்று என்னால் முடியாது" என்று போன் பண்ண யோசிப்பாள். மாதச் சம்பளக்காரி அவ்வளவு யோசிக்க மாட்டாள். எங்கள் மேஜைக்கு வரும் போன்களில் இந்த வித்தியாசம் குரலிலேயே தெரியும். பெல்ஜியத்தின் கெண்ட் (Ghent) பல்கலைக்கழகம் 2015ல் வெளியிட்ட ஆய்வில், ஐரோப்பிய பைலட்டுகளில் ஆறில் ஒருவருக்கு மேல் நிரந்தர வேலை அல்லாத ஏதோ ஓர் ஏற்பாட்டில் இருந்தார்கள்.

அப்புறம் ஹோம் பேஸ். அவள் ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டியது இதைத்தான். வழக்கமாக எங்கே ட்யூட்டி தொடங்கி எங்கே முடிகிறதோ, எங்கே தங்க இடம் கொடுக்கிற பொறுப்பு கம்பெனிக்கு இல்லையோ, அதுதான் ஹோம் பேஸ். ஓய்வைக் கணக்கிட மட்டும் எழுதிய வரையறை இது. யாரும் எதிர்பார்க்காத வேலையை இது செய்தது. 2012 ஜூன் முதல் க்ரூவுக்குச் சமூகக் காப்பீடு எந்த நாட்டில் என்பதை ஹோம் பேஸே தீர்மானிக்கிறது. பிறகு பெல்ஜியத்தில் ஷார்லெருவா விமான நிலையத்தில் இருந்து ஐரிஷ் கம்பெனியான ரயன்ஏர் விமானங்களில் பறந்த பணியாளர்கள் வழக்குப் போட்டார்கள். ஒப்பந்தம் ஐரிஷ் சட்டப்படி, சம்பளம் ஐரிஷ் வங்கிக் கணக்கில், வழக்கென்றால் ஐரிஷ் நீதிமன்றம் மட்டுமே என்று எழுதியிருந்தது. ஆனால் அவர்கள் குடியிருக்க வேண்டியது ஷார்லெருவாவில் இருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள். விமானம் அயர்லாந்தில் பதிவானது, அதனால் வேலை செய்யும் இடமும் அயர்லாந்து என்பது கம்பெனி வாதம். 2017 செப்டம்பரில் லக்சம்பர்க்கில் இருக்கிற ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், விமானத்தின் வாலில் எந்த நாட்டுக் குறி இருக்கிறது என்பது முக்கியமில்லை, ஹோம் பேஸ் முக்கியமான அடையாளம், உள்ளூர் நீதிமன்றத்துக்குப் போக அவர்களுக்கு உரிமை உண்டு என்றது. தூக்கத்துக்காக எழுதிய ஒரு வரி, தொழிலாளர் நீதிமன்றத்தின் கதவைத் திறந்தது.

அவளுக்கு நல்ல செய்தியும் உண்டு. பயிற்சி முடித்து வாங்குகிற கேபின் க்ரூ சான்று அவள் பெயரில் இருக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளோடு நார்வே, ஐஸ்லாந்து, சுவிட்சர்லாந்து, லிச்டென்ஸ்டைனிலும் செல்லும். ஐந்து வருஷம் தொடர்ந்து பறக்காமல் விட்டால்தான் செல்லாமல் போகும். பிரிட்டன் மட்டும் இப்போது தனி ராஜ்யம். 2020 முடிவதற்குள் லைசென்ஸை ஐரிஷ் ஆணையத்துக்கு மாற்ற உன் இங்கிலீஷ் நண்பர்கள் அலைந்ததை நீதான் எனக்குச் சொன்னாய். பிரிந்து போனவர்களும் பெரும்பாலும் அதே விதிகளை அப்படியே நகல் எடுத்து வைத்துக்கொண்டார்கள் என்பது வேறு கதை.

உனக்குப் பிடிக்கும் என்று ஒன்று. ஐம்பது இருக்கைக்கு ஒரு பணியாளர் என்பது பொது விதி, ஆள் உட்கார்ந்தாலும் காலியாக இருந்தாலும். 2022 கோடையில் க்ரூ பஞ்சம் வந்தபோது ஈஸிஜெட் கம்பெனி தன் பிரிட்டிஷ் ஏ319 விமானங்களில் கடைசி வரிசையைக் கழற்றி, 156 இருக்கையை 150 ஆக்கி, நாலு பேருக்குப் பதில் மூன்று பேரோடு பறந்தது. முழுக்கச் சட்டப்படிதான். ஸ்பேனர் பிடித்தவன் உன் ஜாதிக்காரன்.

மீராவிடம் இந்த நாலு கேள்வியைக் கேட்கச் சொல்: ஹோம் பேஸ் எது என்று எழுத்தில் இருக்கிறதா, ஒரு மணி நேரம்கூடப் பறக்காத மாதத்தில் என்ன வரும், உடம்பு சரியில்லாத நாளுக்கு என்ன, பயிற்சிச் செலவு யார் தலையில். கடைசியாகக் கேட்பதில் கூச்சப்படவே வேண்டாம். ஏஜென்சி வாய்மொழியாகச் சொல்வதை நம்பாதே. ஒப்பந்தத்தை ஸ்கேன் பண்ணி அனுப்பு, நான் வரிவரியாகப் படித்துச் சொல்கிறேன். வேலையை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளுக்கு ஆசை இருந்தால் போகட்டும், இருபத்திரண்டு வயதில் போகாமல் எப்போது போவாள்?

வியாழக்கிழமை எனக்கு இரவு ட்யூட்டி. வெள்ளி மதியத்துக்கு மேல் கூப்பிடு. ஆகஸ்டில் நீங்கள் இருவரும் இங்கே வருவதாகச் சொன்னதை வசந்தி மறக்கவில்லை, நீயும் மறக்காதே. முட்டியைக் காரணம் சொன்னால் வீல்சேர் புக் பண்ணி நானே கூட்டிவந்துவிடுவேன்.

அன்புடன்,
கண்ணன்